நேரம் யார் கையில்?



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் அரண்மனைகளும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நம் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சிறு பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் பாட்டன் பாட்டியரின் உழைப்போடும் கூலியோடும் பின்னிக் கிடக்கிற வரலாறு. இன்று நம் பிள்ளைகள் "அப்பா, எனக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். திறன்கடிகாரம் என்று நல்ல தமிழில் சொல்லலாம். வாங்கலாமா, வேண்டாமா? அதன் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? நம் அன்றாட வாழ்வுக்கு அது உதவுமா? இக்கேள்விகளுக்கு விடை காண, நாம் சற்றுப் பின்னோக்கி நடக்க வேண்டும். வாருங்கள், நடப்போம்.

வட்டிலும் நிழலும்

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை சேர்ந்தால் ஒரு மணி நேரம். மாணவர்களே, பெருக்கிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்! சிறு துளையிட்ட பாத்திரத்தையும் நீரையும் கொண்டு நாழிகை கணக்கிட்டார்கள். அரசனின் பாசறையில் இவ்வாறு பொழுதறிந்து சொல்வோர் இருந்ததை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகிறது. ஊர்ப்புறத்து உழவனுக்கோ அந்த வட்டிலும் தேவைப்படவில்லை. தன் நிழலின் நீளமும் சேவலின் கூவலும் அவனுக்குப் போதுமாயிருந்தன.

வெள்ளைக்காரர் ஆட்சி வந்தது. 1792இல் சென்னையில் வானாய்வு நிலையம் எழுந்தது. அங்குக் கணித்த 'சென்னை நேரம்' பிற்காலத்தில் இந்திய இரயில் வண்டிகளுக்கெல்லாம் பொது நேரமாயிற்று. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. ஊருக்கு ஒரு பொழுது இருந்த காலம் மெல்ல மறைந்தது. நேரம் என்பது சூரியனிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

தோட்டத்து மணி

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயா வந்திறங்கிய நம் மக்களிடம் துணி மூட்டை இருந்தது, குலதெய்வத்தின் திருநீறு இருந்தது. கடிகாரம் இருந்ததா? மிகப் பெரும்பாலோரிடம் இல்லை.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு சொன்ன இம்மலை நாடு, நெடுங்காலம் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஒரு நீராவி உருளையும் கோவேறு கழுதைகளும் மனிதக் கைகளும் சேர்ந்து காட்டைத் திருத்தின. அந்தக் கைகளில் தமிழர் கைகள் எத்தனை எத்தனை! 1933இல் 'பாரத்' தேயிலைத் தோட்டமும் தோன்றியது. தாப்பாவிலிருந்து மலையேறி வருவோருக்கு முதலில் எதிர்ப்படும் பட்டணமான நம் ரிங்லெட், இத்தோட்டங்களுக்கு வாசற்படி ஆயிற்று.

தோட்டத்தில் நேரத்தைச் சொன்னது எது? மணிச் சத்தம். விடியுமுன் மணி அடிக்கும். லயத்து வீடுகளில் அடுப்பு எரியும். பெரட்டுக் களத்தில் ஆள் வரிசை நிற்கும். கிராணி செக்ரோலைப் பிரித்துப் பேர் போடுவார். பிந்தி வந்தவருக்கு அன்றைய பேர் விழாமலே போகலாம். "இன்னிக்கிப் பேர் இல்ல, திரும்பிப் போ" என்ற சொல்லுக்கு அஞ்சி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிய தாய்மார் எத்தனை பேர்!

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சமவெளியில் வெயிலைப் பார்த்தாவது பொழுது சொல்லலாம். நம் மலையில் மஞ்சு மூடிவிட்டால் நிழல் ஏது? காலை எட்டு மணியும் மாலை ஐந்து மணியும் ஒன்று போலவே சாம்பல் பூத்துக் கிடக்கும். ஆகவே தொழிலாளிக்குத் தன் நேரத்தைத் தானே அறிய வழியில்லாமல் போயிற்று. மணியை அடிப்பவர் எப்போது அடிக்கிறாரோ அப்போதுதான் வேலை தொடக்கம். எப்போது விடுகிறாரோ அப்போதுதான் முடிவு. கடிகாரம் துரை கையிலும் கிராணி கையிலும் இருந்தது. கூலியைக் கணக்கிடும் நேரம் கூலி வாங்குபவர் கையில் இல்லை!

முள் மாறிய கதை

கடிகாரம் வைத்திருந்தவர்களுக்கும் நேரம் நிலையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1905இல் மலாயாவின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி முன்னதாக வகுக்கப்பட்டது. 1933இல் அதோடு 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் கூட்டி, ஏழரை மணி ஆக்கினார்கள்.

1942இல் ஜப்பானியர் வந்தனர். தோக்கியோ நேரமே இனி மலாயாவின் நேரம் என்றார்கள். ஒரே அடியாக ஒன்றரை மணி கூடியது! கதிரவனின் கணக்குப்படி, நம் மலையில் பொழுது விடியும்போது ஜப்பானியர் கடிகாரம் காலை எட்டு மணியைத் தாண்டியிருக்கும். தோட்டங்களிலிருந்து எண்ணற்ற நம் மக்களைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் சென்ற கொடுங்காலம் அது. நாட்டைப் பிடித்தவன் நேரத்தையும் பிடித்துக்கொண்டான். 1945இல் போர் முடிந்தபின் ஏழரை மணிக் கணக்கு மீண்டது.

கடைசியாக 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு. பதினொன்றரை மணிக்கு முள்ளை நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தள்ளினோம். சபா, சரவாக் மாநிலங்களும் தீபகற்பமும் ஒரே நேரத்துக்கு வந்தன. 1982 முதல் கிரீன்விச்சைவிட எட்டு மணி முன்னதாக நாம் இருக்கிறோம். அதனால்தான் ரிங்லெட்டில் சூரியன் உச்சிக்கு வருவது நண்பகல் பன்னிரண்டுக்கு அன்று, ஏறத்தாழ ஒன்றே கால் மணிக்கு! மாணவர்களே, வெயில் நாள் பார்த்துப் பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் எப்போது மிகக் குறுகுகிறது என்று குறித்துப் பாருங்கள். புத்தகம் சொல்லாத பாடத்தை அந்தக் குச்சி சொல்லும்.

சாவி கொடுத்த காலம்

இனிக் கைக்கடிகாரத்தின் கதைக்கு வருவோம். 1675இல் ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் மெல்லிய சுருள்வில் ஒன்றைக் கடிகாரத்தில் பொருத்திக் காட்டினார். அதன்பின் சட்டைப்பைக் கடிகாரங்கள் ஓரளவு சரியாக ஓடலாயின. முதல் உலகப் போரில், பதுங்கு குழியில் நின்ற வீரனுக்குப் பைக்குள் கைவிட்டு மணி பார்க்க முடியவில்லை. ஆகவே கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. போர் முடிந்தபின் அது ஆடவர் பலரின் அணிகலனாயிற்று.

அக்கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். ஒருமுறை முறுக்கினால் முப்பது, நாற்பது மணி நேரம் ஓடும். மறந்தால் நின்றுவிடும். "ராத்திரி படுக்குமுன் சாவி குடு" என்பது கடிகாரம் இருந்த வீட்டின் வழக்கம். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின்கலத்தில் ஓடும் முதல் கைக்கடிகாரத்தை 1957இல் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் விற்றது. 1969 டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கடிகாரத்தை வெளியிட்டது. விலை 4,50,000 யென்! படிகக் கல்லில் மின்சாரம் பாய்ந்தால் அது மாறாத வேகத்தில் அதிர்கிறது. பின்னர் வந்த குவார்ட்ஸ் கடிகாரங்களில் அந்த அதிர்வு விநாடிக்கு 32,768 முறை. அதை எண்ணி எண்ணி விநாடியைக் காட்டுகிறது கடிகாரம். பத்தே ஆண்டில் இதன் விலை சரிந்தது. சாதாரண மக்களும் வாங்கலாம் என்ற நிலை பிறந்தது.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1972இல் 'பல்சர்' என்ற எண் கடிகாரம் வந்தது. சிவப்பு விளக்கில் எண்கள் ஒளிரும். ஆனால் விளக்கு பேட்டரியை விழுங்கிவிடும் என்பதால், பொத்தானை அழுத்தினால்தான் மணி தெரியும். ஒரு கையில் கூடையைப் பிடித்திருப்பவர் மறு கையால் பொத்தானை எப்படி அழுத்துவார்? பின்னர் வந்த திரவப் படிகத் திரை அந்தக் குறையைப் போக்கியது. 1989இல் வந்த கசியோ எஃப்-91டபிள்யூ என்ற எளிய பிளாஸ்டிக் கடிகாரம், ஒரே பேட்டரியில் ஏறக்குறைய ஏழு ஆண்டு ஓடக்கூடியது. ஏழைக்கேற்ற கடிகாரம் என்றால் அதுதான்!

தமிழகத்திலும் ஒரு புரட்சி நிகழ்ந்தது. இந்தியாவில் 1961இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியிருந்தது. அதன் 'ஜனதா' என்ற சாவிக் கடிகாரம் எளிய மக்களின் கைகளை அலங்கரித்தது. 1984இல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கைகோத்து டைட்டன் நிறுவனத்தை அமைத்தன. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள் பலர் அங்கே நுண்தொழில் கற்றனர். டைட்டன் துணிந்து குவார்ட்ஸ் பக்கம் சாய்ந்தது. சாவிக் கடிகாரத்தை எளிதில் விடாத எச்.எம்.டி. தேய்ந்து, 2016இல் அதன் கடிகாரப் பிரிவே மூடப்பட்டது. காலம் காட்டும் தொழிலே காலத்தைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

மீண்டும் ஒரு நாள் கணக்கு

இப்போது திறன்கடிகாரத்தைப் பார்ப்போம். 2012இல் 'பெபிள்' என்ற கடிகாரத்துக்காகப் பொதுமக்களிடம் இணையம் வழி பணம் திரட்டப்பட்டது. ஒரு கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் குவிந்தது. காகிதம் போன்ற திரையால் அது ஒரு வாரம் அளவுக்குத் தாங்கியது. 2015 ஏப்ரலில் ஆப்பிள் கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று நிறுவனமே சொன்னது தெரியுமா? பதினெட்டு மணி நேரம்!

நண்பர்களே, இதைச் சிந்தித்துப் பாருங்கள். சாவிக் கடிகாரம் ஒன்றரை நாள் ஓடியது. குவார்ட்ஸ் கடிகாரம் பல ஆண்டுகள் ஓடியது. அறிவு முற்றிய பின் வந்த கடிகாரமோ ஒரு நாள்கூட முழுதாக ஓடவில்லை. தாத்தா படுக்குமுன் சாவி கொடுத்தார், பேரன் படுக்குமுன் சார்ஜ் போடுகிறான்!

ஏன் இப்படி? ஒரு சிறு கணக்குப் போடுவோம். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தின் பொத்தான் பேட்டரி சுமார் 28 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது. கடிகாரம் இழுப்பதோ ஒரு மில்லி ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வகுத்தால் 28,000 மணி நேரம், அதாவது மூன்று ஆண்டுக்கு மேல். முதல் ஆப்பிள் கடிகாரத்தின் சிறிய வகையில் 205 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தது. அதன் அழுத்தமும் அதிகம். ஆகவே அதில் அடங்கிய ஆற்றல் பொத்தான் பேட்டரியைப் போல் ஏறத்தாழ 18 மடங்கு. அப்படியிருந்தும் 18 மணி நேரத்தில் தீர்ந்தது என்றால், அது குடிக்கும் மின்சாரம் குவார்ட்ஸ் கடிகாரத்தைப் போல் ஏறக்குறைய 25,000 மடங்குக்கும் மேல்! வண்ணத் திரை, நாடித் துடிப்பைப் பார்க்கும் பச்சை விளக்கு, கைப்பேசியோடு ஓயாத பேச்சு, இவையெல்லாம் அந்தச் சிறு குடத்திலிருந்து நீர் மொண்டு குடிக்கின்றன.

மலைவாசிகளாகிய நாம் இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். சிம் அட்டையோடு தனியே இயங்கும் கடிகாரங்கள், பள்ளத்தாக்கில் 'லைன்' கிடைக்காத இடங்களில் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியை இழக்கும். பட்டணத்துக் கடையில் சொல்லும் நாள் கணக்கு நம் தேயிலைச் சரிவில் அப்படியே செல்லாது. வேலையைச் சுருக்கிக்கொண்ட கடிகாரங்களும் உள்ளன. மணி, நடை எண்ணிக்கை, நாடித் துடிப்பு, செய்தி வந்த அறிவிப்பு என்று அளவோடு நிற்கும் அவற்றில் சில ஒரு வாரம், இரண்டு வாரம்கூடத் தாங்குகின்றன. அடக்கமாக உழைப்பவர் நெடுநாள் உழைப்பார் என்பது கடிகாரத்துக்கும் பொருந்துகிறது.

அதோடு, திறன்கடிகாரத்தின் லித்தியம் பேட்டரி சில நூறு முறை, மிஞ்சினால் ஆயிரம் முறை சார்ஜ் செய்தபின் வலுக் குறையும். நாள்தோறும் சார்ஜ் போட்டால் இரண்டு மூன்று ஆண்டில் அந்நிலை வந்துவிடும். பொத்தான் பேட்டரியைக் கடிகாரக்காரர் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். இதுவோ பசை போட்டு மூடிய பெட்டி. "மாத்த முடியாதுங்க, புதுசு வாங்கிக்கங்க" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை ஆண்டு உழைக்கும் என்று வகுத்துப் பாருங்கள்.

நமக்கு எதற்கு?

அப்படியானால் இது வீண் ஆடம்பரமா? அவ்வாறு ஒரேயடியாகத் தள்ளிவிடலாகாது. மூன்று பயன்களைச் சொல்வேன்.

முதலாவது, உழைத்த நேரம். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1955இல் வேலைச் சட்டம் பிறந்ததும் நாம் மறக்கக்கூடாத நிகழ்ச்சிகள். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை வரம்பு 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு 45 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சட்டம் மணிக்கணக்கில் பேசுகிறது. அந்தக் கணக்கைத் தொழிலாளியும் வைத்திருந்தால்தானே உரிமையைக் கேட்க முடியும்? வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் அன்றன்றே குறித்து வையுங்கள். இதற்கு விலை உயர்ந்த கடிகாரம் தேவையில்லை. சரியாக ஓடும் எளிய கடிகாரமும் ஒரு கையடக்கக் குறிப்பேடும் பென்சிலும் போதும்.

இரண்டாவது, உடல்நலம். நடையை எண்ணுவதும், நாடித் துடிப்பைக் காட்டுவதும், தனியே இருக்கும் முதியவர் கீழே விழுந்தால் வீட்டாருக்கு அறிவிப்பதும் நல்ல உதவிகளே. ஆனால் எச்சரிக்கை! ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் என்று விளம்பரம் செய்யும் கடிகாரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப்பட்ட கடிகாரம் எதற்கும் அது ஒப்புதல் அளித்திருக்கவில்லை. நீரிழிவு நம் வீடுகளில் அழையா விருந்தாளியாக அமர்ந்திருக்கிறது. தவறான எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் உயிருக்கே ஆபத்து. கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்துப் பாருங்கள், கடிகாரத்தைக் கேட்டு மருந்து சாப்பிடாதீர்கள்.

மூன்றாவது, ஆபத்து வேளை. இதை ரிங்லெட் மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெர்த்தாம் ஆற்றை மறித்து சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்து, 1963 முதல் இம்மலை நீர் மின்சாரமாகி நாட்டுக்கு ஒளி தருகிறது. அதே அணையிலிருந்து 2013 அக்டோபர் 23ஆம் நாள், ஊர் உறங்கிய வேளையில் நீர் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. நள்ளிரவில் ஓர் எச்சரிக்கை காதில் விழுவதும் விழாததும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை இந்த மண் கண்ணீரோடு கற்றது.

கையை அதிரச் செய்து எழுப்பும் கடிகாரம் அத்தகைய வேளையில் உதவக்கூடும். சங்கொலி கேட்காத செவிப்புலன் குறைந்தோருக்கு அது பெருந்துணை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பேட்டரி ஒரு நாள்தான் நிற்கும் என்பதால், இரவு முழுதும் அதைக் கழற்றிச் சுவரோரம் சார்ஜில் போட்டுவிடுகிறோம். விழித்திருக்க வேண்டிய காவற்காரன் அந்நேரம் நம் கையில் இல்லை! ஆகவே, வைத்திருப்பவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மாலையில் குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தைப் பார்க்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் சார்ஜ் போடுங்கள். படுக்கும்போது கையில் கட்டிக்கொள்ளுங்கள். இனி வாங்குவோர், பகட்டான திரையைவிட நாள் கணக்கில் நிற்கும் பேட்டரியைத் தேடுங்கள். எதை வாங்கினாலும், மழைக்காலத்தில் அணையின் சங்கொலிக்குக் காது கொடுக்க மறவாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! நாழிகை வட்டில் அரசனிடம் இருந்தது. பெரட்டு மணி துரையிடம் இருந்தது. முள்ளை மாற்றும் அதிகாரம் ஆட்சியாளரிடம் இருந்தது. உங்கள் பாட்டனாருக்குக் கிடைக்காத ஒன்று, தன் நேரத்தைத் தானே அறியும் உரிமை, இன்று உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. அது பத்து வெள்ளிக் கடிகாரமாக இருந்தாலும் ஆயிரம் வெள்ளிக் கடிகாரமாக இருந்தாலும் காட்டுவது ஒரே மணியைத்தான். ஆனால் இன்று மறுபடியும் ஒரு கை அந்த நேரத்தை நோக்கி நீளுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அதிர்ந்து, "இதைப் பார், அதைப் பார்" என்று உங்களைப் பாடத்திலிருந்து இழுக்கும் கடிகாரமும் ஒரு பெரட்டு மணியே. அதற்கு வரிசையில் போய் நிற்காதீர்கள். வேண்டாத அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். பேட்டரியும் மிஞ்சும், படிப்பும் மிஞ்சும்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்கும்போது வெறுமனே "காசு இல்ல, போ" என்று சொல்லாமல், இந்தக் கதையைச் சொல்லுங்கள். பேட்டரி எத்தனை நாள், உழைப்பது எத்தனை ஆண்டு, பயன் என்ன என்று மூன்று கேள்விகளை அவர்களையே கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். விடை சரியாக இருந்தால் வாங்கிக் கொடுங்கள். எழுதி வரும் அந்த ஒரு தாள், பரிசளிப்பு மேடையில் வாங்கும் கோப்பைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

உழைப்பவர் நேரம் உழைப்பவர் கையில் இருக்கட்டும். வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!